ஃப்ரீலான்சருக்கு ஃபெடரல் வரியும் மாநில வரியும்: எவ்வளவு ஒதுக்குவது, எவ்வளவு கட்டுவது?

கேட்டவரின் நிலைமை சுருக்கமாக: வட கரோலினாவின் கேரி நகரில் வசிக்கிறார், கிரீன் கார்டு இருக்கிறது, மணமாகவில்லை. 2025 முடிவில் ஐ.டி. வேலையை விட்டுவிட்டு 2026 ஜனவரி முதல் சொந்தமாக வெப் டிசைன் செய்கிறார். போன ஆண்டுச் சம்பளம் 95,000 டாலர். இந்த ஆண்டு 84,000 டாலர் வரும், அதில் 12,000 தொழில் செலவுக்குப் போகும் என்பது அவருடைய மதிப்பீடு. வாடிக்கையாளர்களில் ஒருவர் சான் ஃபிரான்சிஸ்கோவில், இன்னொருவர் சென்னையில். "இப்போது யாரும் எனக்கு வரி பிடிப்பதில்லை. வருகிற பணத்தில் முப்பது சதவீதத்தை எடுத்து வை என்கிறார்கள். சரியா? தவணைக்கு எவ்வளவு கட்ட வேண்டும்?" என்பது கேள்வி.

இதில் இரண்டு கணக்குகள் பின்னிக் கிடக்கின்றன. ஆண்டு முடிவில் மொத்தம் எவ்வளவு வரி வரும் என்பது ஒன்று. அபராதம் விழாமல் இருக்க ஒவ்வொரு தவணையிலும் எவ்வளவு கட்டியாக வேண்டும் என்பது இன்னொன்று. முதல் கணக்குக்கு இந்த ஆண்டின் வருமானம் முன்கூட்டியே தெரிய வேண்டும். அது எந்த ஃப்ரீலான்சருக்கும் தெரியாது. இரண்டாவதற்குப் போன ஆண்டு ரிட்டர்னில் ஒரே ஒரு எண்ணைப் பார்த்தால் போதும். இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள்தான் மார்ச் மாதத்தில் தூக்கம் இழக்கிறார்கள்.

முதலில் மொத்த வரி. நிகர வருமானம் 84,000-இல் 12,000 போக 72,000 டாலர். இதன்மீது முதலில் பாய்வது வருமான வரி இல்லை, சுயதொழில் வரி. வேலையில் இருந்தபோது சோஷியல் செக்யூரிட்டி என்ற ஓய்வூதியத் திட்டத்துக்கும் மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்குமாக உங்கள் சம்பளத்தில் 7.65 சதவீதம் பிடித்தார்கள். அதே அளவைக் கம்பெனியும் தன் பங்காகக் கட்டியது, அது உங்கள் கண்ணில் படவே இல்லை. இப்போது தொழிலாளியும் நீங்கள்தான், முதலாளியும் நீங்கள்தான். ஆகவே 15.3 சதவீதம். முதலாளி பங்குக்கு ஈடாக ஒரு சலுகை உண்டு: நிகர வருமானத்தில் 92.35 சதவீதத்துக்கு மட்டும் இந்த வரியைப் போட்டால் போதும். 72,000-க்கு அது 66,492, அதில் 15.3 சதவீதம் 10,173 டாலர். நிகர வருமானம் 400 டாலரைத் தொட்டாலே இந்த வரி உண்டு, நிலையான கழிவு (ரசீது காட்டாமலே வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் குறிப்பிட்ட தொகை) இதைக் குறைக்காது. 12.4 சதவீதமான சோஷியல் செக்யூரிட்டிப் பகுதிக்கு மட்டும் உச்சவரம்பு இருக்கிறது. 2026-இல் அது 184,500 டாலர்.

அடுத்து வருமான வரி. சுயதொழில் வரியில் பாதியான 5,087-ஐ வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம்: மிச்சம் 66,913. தனிநபருக்கு 2026-இன் நிலையான கழிவு 16,100, போக 50,813. இதற்குப் பிறகு பலர் மறந்துவிடும் ஒரு கழிவு இருக்கிறது. தொழில் வருமானத்தில் 20 சதவீதம் வரை கழித்துக்கொள்ளலாம் என்று 2017-இல் வந்த சட்டம், 2025 முடிவோடு காலாவதியாக இருந்தது. 2025 ஜூலையில் அதை நிரந்தரமாக்கிவிட்டார்கள். தொழில் வருமானத்தில் 20 சதவீதம், வரிக்குரிய வருமானத்தில் 20 சதவீதம் இரண்டில் எது குறைவோ அதுதான் கணக்கு. உங்களுக்குப் பின்னது குறைவு: 10,163. கடைசியில் வரிக்குரிய வருமானம் 40,650. முதல் 12,400 டாலருக்கு 10 சதவீதம், மீதிக்கு 12 சதவீதம் என்று போட்டால் 4,630 டாலர்.

ஆக ஃபெடரல் மொத்தம் 14,803. அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சுயதொழில் வரி என்பதைக் கவனியுங்கள். வருமான வரி அடுக்குகளை மட்டும் பார்த்து "நான் 12 சதவீத அடுக்கில்தானே இருக்கிறேன்" என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஏப்ரலில் திகைப்பது இதனால்தான்.

வட கரோலினாவின் கணக்கு எளிது. 2026-க்கு ஒரே விகிதம், 3.99 சதவீதம் (2025-இல் 4.25 ஆக இருந்தது). மாநிலத்தின் நிலையான கழிவு தனிநபருக்கு 12,750. அந்த 20 சதவீதத் தொழில் கழிவை மாநிலம் ஏற்பதில்லை. 66,913-இல் 12,750 போக 54,163. அதற்கு வரி 2,161 டாலர்.

எல்லாம் சேர்ந்து 16,964. நிகர வருமானத்தில் 23.6 சதவீதம், கைக்கு வரும் மொத்தப் பணத்தில் 20 சதவீதத்துக்குச் சற்று மேல். முப்பது சதவீதம் ஒதுக்கினால் 25,200 டாலர் சேரும். தேவைக்கு மேல் எட்டாயிரத்துச் சொச்சம் சும்மா கிடக்கும். சேமிப்பாக நினைத்தால் நல்லதுதான், ஆனால் புதிதாகத் தொழில் தொடங்கியவருக்கு அந்த எட்டாயிரம் வாடகையாகவோ புது லேப்டாப்பாகவோ தேவைப்படும். என்னைக் கேட்டால், வருகிற ஒவ்வொரு தொகையிலும் கால் பங்கைத் தனி வங்கிக் கணக்குக்கு அன்றே மாற்றிவிடுங்கள். உங்கள் நிலைமைக்கு அது தாராளம்.

ஆனால் அந்தக் கால் பங்கு எப்போது போதாமல் போகும் என்று தெரிந்துகொள்வது முக்கியம். இப்போது உங்களுக்குக் கூடுதலாக வரும் ஒவ்வொரு 100 டாலர் லாபத்திலும் சுயதொழில் வரி, வருமான வரி, மாநில வரி எல்லாமுமாக ஏறத்தாழ 27 டாலர் போகும். நிகர வருமானம் 85,000-ஐத் தாண்டியதும் ஃபெடரல் அடுக்கு 22 சதவீதத்துக்கு ஏறும். அதன்பின் ஒவ்வொரு 100-லும் 34 டாலர். ஆகவே செப்டம்பரில் ஒரு பெரிய ப்ராஜெக்ட் கிடைத்து வருமானம் அந்த எல்லையைக் கடந்தால், அந்தப் பணத்தில் மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒதுக்குங்கள். பழைய பணத்தின் விகிதத்தைத் தொட வேண்டியதில்லை.

இதே காரணத்தால் செலவு ரசீது ஒவ்வொன்றும் உங்களுக்கு 27 சதவீதத் தள்ளுபடி. மென்பொருள் சந்தா, தொழிலுக்குப் பயன்படும் அளவுக்குப் போன் கட்டணம், வாடிக்கையாளரைப் பார்க்கக் காரில் போனால் மைலுக்கு 72.5 சென்ட், வீட்டில் தொழிலுக்கென்றே ஒதுக்கிய அறைக்குச் சதுர அடிக்கு 5 டாலர் (300 சதுர அடி வரை). மாதம் ஒருமுறை உட்கார்ந்து எழுதிவைத்தால் போதும். ஆண்டு முடிவில் கிரெடிட் கார்டு அறிக்கையைத் துழாவுகிறவர்கள் பாதியை விட்டுவிடுவார்கள்.

இனி இரண்டாவது கணக்கு, அதாவது தவணை. ஃபெடரல் வரித் துறையான ஐ.ஆர்.எஸ். உங்களிடம் துல்லியமான ஜோசியம் கேட்கவில்லை. இந்த ஆண்டு வரியில் 90 சதவீதம் அல்லது போன ஆண்டு மொத்த வரியில் 100 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதைத் தவணை தவறாமல் கட்டியிருந்தால் அபராதம் கிடையாது. போன ஆண்டின் சரிக்கட்டிய மொத்த வருமானம் (நிலையான கழிவைக் கழிப்பதற்கு முன் நிற்கும் தொகை) 150,000 டாலருக்கு மேல் என்றால் 100 சதவீதத்துக்குப் பதில் 110. கணவன், மனைவி இருவரும் வேலை பார்க்கும் வீடுகளில் இந்த எல்லை எளிதில் தாண்டிவிடும். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

போன ஆண்டு மொத்த வரி என்பது உங்கள் ஃபெடரல் ரிட்டர்னான படிவம் 1040-இன் 24-ஆம் வரிசையில் இருக்கும் தொகை. எத்தனை முறை சொன்னாலும் இங்கே ஒரு தவறு நடந்துகொண்டே இருக்கிறது: "போன ஆண்டு எனக்கு ரீஃபண்ட்தானே வந்தது, அப்படியானால் பூஜ்யம்" என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். ரீஃபண்ட் வந்தது, சம்பளத்தில் கூடுதலாகப் பிடித்ததால். வரி இருந்தது, அதுதான் அளவுகோல். வேறு கழிவுகள் இல்லை என்று வைத்தால் 95,000 சம்பளத்துக்கு உங்கள் 2025 வரி 12,349 டாலர். இந்த ஆண்டு வரியில் 90 சதவீதம் என்றால் 13,323. குறைவானது 12,349, அதை நான்காகப் பிரித்தால் தவணைக்கு 3,087 டாலரும் கொஞ்சம் சில்லறையும். 3,088 என்று கட்டிவிடுங்கள்.

இந்த வழியின் அழகு என்னவென்றால், உங்கள் தொழில் அமோகமாக ஓடி இந்த ஆண்டு இரண்டு லட்சம் டாலர் சம்பாதித்தாலும் தவணை அதே 3,088-தான். மீதி வரியை 2027 ஏப்ரல் 15-க்குள் கட்டினால் ஒரு சென்ட் அபராதம் கிடையாது. மீதி எவ்வளவு என்பதற்குத்தான் முதல் கணக்கும் அந்தத் தனி வங்கிக் கணக்கும்.

தொழில் படுத்துவிட்டால்? அப்போது போன ஆண்டு வரியைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டிய அவசியமில்லை. இந்த ஆண்டின் 90 சதவீதத்துக்கு மாறிக்கொள்ளலாம். செப்டம்பர் தவணைக்கு முன்னால் கணக்கை ஒருமுறை திரும்பப் போட்டுப் பார்த்துக் குறைத்துவிடலாம்.

மாநிலத்தில் கதை தலைகீழ். வட கரோலினாவும் இந்த ஆண்டு 90, போன ஆண்டு 100 என்ற அதே இரண்டு அளவுகோல்களைத்தான் வைத்திருக்கிறது. ஆனால் உங்கள் 2025 மாநில வரி 3,496 டாலர். இந்த ஆண்டு வரப்போவது 2,161. வருமானமும் இறங்கியது, விகிதமும் இறங்கியது. இங்கே போன ஆண்டைப் பிடித்துக்கொண்டால் 1,300 டாலருக்கு மேல் வீணாக முடங்கும். தவணைக்கு 540 கட்டுங்கள். வருமானம் எதிர்பார்த்ததை மீறுவது தெரிந்தால் அடுத்த தவணையில் கூட்டிக்கொள்ளுங்கள். ஃபெடரலுக்குப் போன ஆண்டு, மாநிலத்துக்கு இந்த ஆண்டு என்று இரண்டுக்கும் இரண்டு விதமாகப் பார்ப்பதில் தவறே இல்லை.

தேதிகள்: 2026 ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, 2027 ஜனவரி 15. காலாண்டுத் தவணை என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் இடைவெளியைப் பாருங்கள்: முதல் தவணை மூன்று மாத வருமானத்துக்கு, இரண்டாவது ஏப்ரல், மே இரண்டு மாதத்துக்கு, மூன்றாவது மூன்று மாதத்துக்கு, கடைசி நான்கு மாதத்துக்கு. ஜூலையில்தான் அடுத்தது என்று நினைத்து ஜூன் தவணையைக் கோட்டை விடுவது வழக்கமான விபத்து.

தவறினால் என்ன ஆகும்? அபராதம் என்கிறார்களே தவிர, அது வட்டிதான். 2025 முழுவதும் ஆண்டுக்கு 7 சதவீதமாக இருந்தது. அந்த விகிதத்தில் ஏப்ரல் தவணையை அடியோடு விட்டுவிட்டு அடுத்த ஏப்ரலில் கட்டினால் ஏறக்குறைய 216 டாலர். வலிக்கும், குடி மூழ்காது. கிரெடிட் கார்டில் கடன் வாங்கித் தவணை கட்டுவதைவிட இந்த வட்டி மலிவு. ஆனால் ஒன்று, வட்டி ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனியாக ஓடுகிறது. ஜனவரியில் மொத்தமாகக் கட்டிவிட்டேன் என்றால் ஏப்ரலில் விட்டதற்கு ஓடிய வட்டி அழியாது.

வருமானம் முழுவதும் ஆண்டுக் கடைசியில் வருகிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. படிவம் 2210-இல் ஒவ்வொரு காலத்திலும் உண்மையில் வந்த வருமானத்தைக் காட்டி, அதற்கேற்பத் தவணையைக் கணக்கிடலாம். அலுப்பான வேலை, முதல் எட்டு மாதம் கிட்டத்தட்ட ஒன்றுமே வராமல் நவம்பரில் பெரும்பணம் வந்தால் மட்டும் செய்யத் தகும்.

மணமானவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. வாழ்க்கைத்துணை சம்பள வேலையில் இருந்தால் தவணை கட்டும் தலைவலியே வேண்டாம். சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிக்க வேண்டும் என்று கம்பெனிக்குச் சொல்லும் அவரது டபிள்யூ-4 படிவத்தில் 4(சி) கட்டத்தில் ஒவ்வொரு சம்பளத்திலும் இவ்வளவு கூடுதலாகப் பிடியுங்கள் என்று எழுதிக் கொடுத்தால் போதும். சம்பளத்தில் பிடித்த வரி எந்த மாதத்தில் பிடிக்கப்பட்டாலும் ஆண்டு முழுக்கச் சமமாகக் கட்டியதாகவே கருதப்படும். அக்டோபரில் விழித்துக்கொண்டவர்கள்கூட நவம்பர், டிசம்பர் சம்பளத்தில் ஏற்றிப் பிடிக்கச் சொல்லிப் பழைய தவணைகளைச் சரிக்கட்டிவிடலாம். எச்-4 விசாவில் (எச்-1பி விசாவில் இருப்பவரின் வாழ்க்கைத்துணைக்கானது) வேலை அனுமதி பெற்று ஃப்ரீலான்ஸ் செய்கிறவர்களுக்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது. ஆனால் அவர்கள் குடும்ப வருமானத்தின் மேல் அடுக்கில் தங்கள் வருமானத்தை வைத்துக் கணக்குப் போட வேண்டும்; நான் மேலே சொன்ன 23.6 சதவீதம் அவர்களுக்குப் பொருந்தாது.

வேறு மாநிலங்களில் இருப்பவர்கள் என் வட கரோலினாக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். டெக்சாஸ், ஃபுளோரிடா, டென்னசி போன்றவற்றில் தனிநபர் வருமான வரியே இல்லை. பென்சில்வேனியாவில் விகிதம் 3.07 சதவீதம்தான், ஆனால் நிலையான கழிவு கிடையாது, உள்ளாட்சி வருமான வரி தனியாக உண்டு. நியூ ஜெர்சி சுயதொழில் வரியில் பாதியைக் கழிக்க விடுவதில்லை. வர்ஜீனியாவில் முதல் தவணை மே 1. கலிஃபோர்னியா தனி வழி: தவணைகள் சமமாக இல்லை, ஏப்ரலில் 30 சதவீதம், ஜூனில் 40, செப்டம்பரில் ஒன்றுமில்லை, ஜனவரியில் 30. ஃபெடரலைப் போல் நான்காகப் பிரித்துக் கட்டினால் ஏப்ரலிலேயே பின்தங்கிவிடுவீர்கள்.

கலிஃபோர்னியா என்றதும் உங்கள் சான் ஃபிரான்சிஸ்கோ வாடிக்கையாளர் நினைவுக்கு வருகிறார். பொதுவாக வீட்டில் உட்கார்ந்து செய்த வேலைக்கு வீடு இருக்கும் மாநிலம்தான் வரி கேட்கும். கலிஃபோர்னியா அப்படிப் பார்ப்பதில்லை. சொந்தத் தொழில் செய்கிறவரின் சேவையால் பலன் எங்கே கிடைக்கிறது என்று பார்க்கிறது. அரிசோனாவில் உட்கார்ந்து கலிஃபோர்னியா நிறுவனங்களுக்கு எழுதிக் கொடுத்த ஒரு திரைக்கதை எழுத்தாளரின் வழக்கில் 2019-இல் அங்குள்ள வரி மேல்முறையீட்டு அலுவலகம் மாநிலத்தின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. ஆகவே அந்த வாடிக்கையாளரிடமிருந்து வரும் பணத்தைத் தனியாகக் குறித்து வையுங்கள். தொகை பெரிதானால் கலிஃபோர்னியாவில் வெளி மாநிலத்தவருக்கான ரிட்டர்ன் போட வேண்டியிருக்கும். அங்கே கட்டியதற்கு வட கரோலினாவில் வரவு கேட்கலாமா என்பதை அந்த ஆண்டு ஒரு கணக்காளரிடம் காட்டிக் கேளுங்கள்; நானே போட்டுக்கொள்கிறேன் என்று இறங்க வேண்டிய இடம் இது இல்லை.

சென்னை வாடிக்கையாளர் ரூபாயில் கொடுத்தாலும் அது அமெரிக்காவில் வரிக்குரிய வருமானமே. அவரிடமிருந்து 1099 படிவம் (உங்களுக்குக் கொடுத்த பணத்தை வாடிக்கையாளர் ஐ.ஆர்.எஸ்.-க்குத் தெரிவிக்கும் படிவம்) வராது. அமெரிக்க வாடிக்கையாளர்களிடமிருந்தும் இனி குறைவாகத்தான் வரும்: 600 டாலராக இருந்த வரம்பு 2026-இல் கொடுக்கும் பணத்துக்கு 2,000 ஆக ஏறிவிட்டது. படிவம் வராததால் வருமானம் மறைந்துவிடாது. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இல்லாததால், இந்தியாவில் பி.எஃப். கட்டியிருக்கிறேன் என்று காட்டிச் சுயதொழில் வரியிலிருந்து விலக்குக் கேட்கவும் முடியாது.

மருத்துவக் காப்பீட்டையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அரசுச் சந்தையில் காப்பீடு எடுத்திருந்தால், நீங்கள் எழுதிக் கொடுத்த வருமான மதிப்பீட்டை வைத்துத்தான் மானியம் தருகிறார்கள். கோவிட் காலத்தில் வந்த கூடுதல் மானியம் 2025 முடிவோடு காலாவதியாகிவிட்டது. வறுமைக் கோட்டின் நான்கு மடங்கு என்ற பழைய எல்லை திரும்பியிருக்கிறது. 2026-இல் தனிநபருக்கு அது 62,600 டாலர். மேலே உங்கள் கணக்கில் வந்த 66,913 அதைத் தாண்டுகிறது. ஆண்டு நடுவில் வாங்கிய மானியத்தை ஏப்ரலில் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். முன்பு திருப்பிக் கட்டுவதற்கு இருந்த உச்சவரம்பும் 2026 முதல் எடுக்கப்பட்டுவிட்டது. காப்பீட்டு பிரீமியக் கழிவும், செப்-ஐ.ஆர்.ஏ. ஓய்வுக் கணக்கில் போடும் சில ஆயிரம் டாலரும் உங்களை அந்த எல்லைக்குக் கீழே இறக்கிவிடக்கூடும். செப் கணக்கில் அடுத்த ஆண்டு ரிட்டர்ன் தேதி வரை போடலாம் என்பதால், ஆண்டு முடிந்த பிறகும் இந்தக் கதவு திறந்திருக்கும். இவை வருமான வரியைத்தான் குறைக்கும், சுயதொழில் வரியைத் தொடாது.

எல்.எல்.சி. என்ற வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனம் பதிவு செய்தால் வரி குறையும் என்று விற்கிறவர்களை நம்ப வேண்டாம். ஒருவர் மட்டும் உள்ள எல்.எல்.சி.-யை வரிச் சட்டம் கண்டுகொள்வதே இல்லை; சொந்தத் தொழிலின் வரவு செலவைக் காட்டும் அதே ஷெட்யூல் சி படிவம், அதே 15.3 சதவீதம்.

2027 ஏப்ரலுக்கு ஒரு எச்சரிக்கை. அன்று 2026-இன் மீதி 2,451 டாலர் கட்ட வேண்டும். அதே நாளில் 2027-இன் முதல் தவணையும் வரும். அப்போது போன ஆண்டு வரி 14,803 என்பதால் தவணை 3,701. ஃபெடரலுக்கு மட்டும் ஒரே நாளில் 6,152 டாலர், மாநிலத் தவணை தனி. ஜனவரித் தவணையைக் கட்டி முடித்ததும் தனிக் கணக்கில் மிச்சம் இருப்பதைப் பார்த்துக் கை வைத்துவிடாதீர்கள்.

கட்டுவதற்கு ஐ.ஆர்.எஸ். தளத்தில் டைரக்ட் பே இருக்கிறது, கட்டணம் இல்லை. காரணம் கேட்கும் இடத்தில் எஸ்டிமேட்டட் டாக்ஸ், படிவம் கேட்கும் இடத்தில் 1040-இ.எஸ். என்று தேர்ந்தெடுக்க வேண்டும். உங்களை அடையாளம் காண ஒரு பழைய ரிட்டர்ன் விவரத்தைக் கேட்கும். வீடு மாறியிருந்தால் அந்த ரிட்டர்னில் இருந்த பழைய முகவரியைத்தான் கொடுக்க வேண்டும், புது முகவரியைக் கொடுத்தால் உள்ளே விடாது. மாநிலத்துக்கு வட கரோலினா வருவாய்த் துறையின் தளத்தில் என்.சி-40 என்ற தவணைப் படிவம். 2027 ஜனவரியில் கடைசித் தவணையைக் கட்டும்போது ஆண்டு என்ற கட்டத்தில் 2026 என்று தேர்ந்தெடுங்கள். 2027 என்று போட்டுவிட்டால் பணம் அடுத்த ஆண்டுக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதை இந்தப் பக்கம் மாற்ற ஐ.ஆர்.எஸ்.-ஐத் தொலைபேசியில் பிடிக்க வேண்டியிருக்கும்.